மான் வரும் கொல்லையில் காய்கறித் தோட்டம்: வேலியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

கடலூர் மாவட்டத்தில் வேப்பூர், விருத்தாசலம் பக்கம் காப்புக்காட்டை ஒட்டித் தோட்டம் போட்டவர்களுக்குச் சித்திரை பிறந்தாலே கவலைதான். காட்டுக்குள் குட்டை வற்றியதும் புள்ளிமான் தண்ணீரையும் பச்சையையும் தேடிக் கொல்லைக்கு வந்துவிடும்.

மேய்ந்தது எது என்று முதலில் பாருங்கள். வெண்டைத் தண்டு கத்தியால் சீவியதுபோல் சாய்வாக அறுந்திருந்தால் அது முயல் வேலை. மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கவ்வி இழுக்கும், அதனால் நுனி நார்நாராகக் கிழிந்து தொங்கும். ஆடு மேய்ந்தாலும் இதே அடையாளம்தான். ராத்திரியிலோ விடியற்காலையிலோ நடந்திருந்தால் மான் என்று வைத்துக்கொள்ளலாம்.

புள்ளிமான் ஐந்தடி வேலியைத் தாண்டக்கூடியது. ஆனால் துரத்தாதவரை தாண்ட மெனக்கெடாது. சந்து கிடைக்கிறதா என்று வேலியோரமாகவே நடந்து, தலையைத் தாழ்த்தி அடியில் நுழைந்துவிடும். எட்டடி உயரத்துக்கு வலை கட்டிவிட்டு அடியில் ஒரு முழம் திறந்து விட்டால் போட்ட காசு தண்டம்.

ஐந்து சென்ட் தோட்டம், சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 187 அடி. எட்டடிக்கு ஒன்றாக 24 சவுக்குக் கழி, ஒவ்வொன்றும் 10 அடி நீளம். நான்கு மூலைக்கும் இரண்டிரண்டாக 8 முட்டுக்கழி. அடியிலிருந்து இரண்டரை அடிக்குத் தார் பூசிக் காயவிட்டு, இரண்டடி ஆழத்தில் நட்டுக் கெட்டியாக இடியுங்கள். தார் மண்மட்டத்துக்கு மேலே அரையடி தெரிய வேண்டும். கழி முதலில் உளுப்பது அந்த இடத்தில்தான். கரையான் ஏறுவதும் அங்கேதான்.

கடலோரக் குப்பங்களில் கழித்துப்போட்ட நைலான் மீன்வலை மலிவாகக் கிடைக்கும். அதைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு, மேலே மட்டும் கட்டுங்கள். தொய்வில்லாமல் இழுத்து மேலும் கீழும் கம்பி கோத்துக் கட்ட வேண்டும்; தொய்ந்த வலையில் ஆண் மானின் கொம்பு சிக்கினால் அது துடித்தே செத்துப்போகும். தரைவரை வலை விட்டால் சாரைப்பாம்பு மாட்டிக்கொள்ளும், எலிக்குக் கொண்டாட்டம். அந்த ஒன்றரை அடியை இலந்தை முள்ளாலோ மூங்கில் படலாலோ நெருக்கமாக அடையுங்கள். படலின் கீழே ஒரு சாண் அகலத்துக்குக் கல் அடுக்கினால் பன்றி கிளறினாலும் உடனே பிரியாது. படல் கதவுக்கு அடியிலும் இதே கவனம் வேண்டும்; பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் மேல்வலையை அவிழ்த்துச் சுருட்டி வையுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையேறியபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த மாவட்டம் இது. சவுக்குக் கழி எம்மாத்திரம்!

நிரந்தரத்துக்கு உயிர்வேலிதான். மழைக்கு முன்னால் கிளுவைப் போத்தை மூன்றடி நீளத்துக்கு வெட்டி, அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். இடையில் நொச்சியும் ஆடாதொடையும் வையுங்கள். ஆடு தொடாத இலை என்பதால்தான் ஆடாதொடை என்று பேர் வந்தது. மானும் அதை எளிதில் சீந்தாது. உயிர்வேலி நெருங்கி அடைய இரண்டு மூன்று வருஷமாகும், அதுவரை வலை இருக்கட்டும்.

மானை விரட்டத் தெளிக்கும் முட்டைக் கரைசல் துணைக்கு மட்டும். நான்கு முட்டையை உடைத்து, தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கி, துணியில் வடிகட்டி வேலியிலும் ஓரச் செடிகளிலும் தெளிக்கலாம். கீரையில் வேண்டாம். மழை பெய்தால் போச்சு, மறுபடி தெளிக்க வேண்டும். பழம்புடவை கட்டுவது சில வாரம் தாங்கும். பழகிவிட்டால் மான் அதையும் முகர்ந்துவிட்டு உள்ளே வரும்.

தட்டைப்பயறு, அவரை, கீரையை நடுவில் போட்டு, ஓரத்தில் மஞ்சள், மிளகாய் வையுங்கள். தண்ணீரைக் காலையில் பாய்ச்சுங்கள். ராத்திரி வரப்போரம் தேங்கி நின்றால் அதுவே அழைப்பு. உதிர்ந்த கொய்யா, பலாச்சுளையை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள். தரைமட்டக் கிணறு இருந்தால் மான் விழாதபடி நாலடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டுங்கள்.

வீட்டுக் கரண்டை வேலியில் கொடுப்பது குற்றம், ஆளையே கொல்லும். காட்டை ஒட்டிய நிலத்தில் சூரிய மின்வேலி போட 2023ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையில் பதிய வேண்டும். கண்ணி வைத்தால் 1972ஆம் ஆண்டு வனஉயிரினச் சட்டம் பாயும்.

மான் உள்ளே மாட்டிக்கொண்டால் கதவைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் விலகுங்கள், நாயைக் கட்டுங்கள். விரட்டிப் பிடித்தால் அதிர்ச்சியிலேயே செத்துவிடும். வலையில் சிக்கியிருந்தால் கண்ணைத் துணியால் மூடி, சத்தம் போடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.