கண்ணாடிச் சிற்பத்தை வெயிலில் வைக்காதீர்கள்

பூ, அலை, கடல்பாசி வடிவில் கையால் ஊதிச் செய்த கண்ணாடிச் சிற்பம் வீட்டில் இருந்தால், ஜன்னலோர வெயிலில் வைக்காதீர்கள். தடித்து உருண்ட கண்ணாடி லென்ஸ் மாதிரி வெயிலைக் குவித்து, பக்கத்தில் இருக்கும் துணியையோ காகிதத்தையோ பொசுக்கிவிடலாம். பின்னாலிருந்து சின்ன எல்.இ.டி. விளக்கு போதும், உள்ளே ஓடும் நிறமெல்லாம் அப்போதுதான் அழகாக எழுந்து வரும்.

தூசி தட்ட மென்மையான பிரஷ்தான் நல்லது. துணி, இதழ் நுனியில் மாட்டிக்கொள்ளும். கழுவினால் வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும். சுடுதண்ணீர் பட்டால் தடித்த இடமும் மெல்லிய இடமும் ஒரே வேகத்தில் விரியாமல் விரிசல் விழலாம்.

அப்புறம், தூக்கும்போது தண்டைப் பிடிக்காமல் அடிப்பாகத்தை இரு கையாலும் தாங்குங்கள். அடியில் வட்டத் தழும்பு தெரிந்தால் அது குறையல்ல. செய்யும்போது கண்ணாடியைத் தாங்கிப் பிடித்த இரும்புக் கம்பியிலிருந்து பிரித்தெடுத்த இடம்.