ஸ்னாப்ஷாட்டை அழித்தும் இடம் ஏன் திரும்பவில்லை? இசட்எஃப்எஸ்ஸில் கணக்குப் பார்க்கும் முறை

இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில், பூல் ஒன்றும் (வட்டுகளைச் சேர்த்து அமைத்த பொதுச் சேமிப்பிடம்) அதில் ஒரு டேட்டாசெட்டும் (தனியாகக் கணக்கு வைக்கப்படும் பிரிவு) உங்களிடம் ஏற்கெனவே உள்ளன என்று கொண்டு தொடங்குகிறேன். ஸ்னாப்ஷாட் என்பது டேட்டாசெட்டின் ஒரு கணத்து நிலையை மாறாமல் காக்கும் பதிவு; அதை எடுக்கும்போது தரவு எதுவும் நகலாவதில்லை. ஆகவே அந்தக் கணத்தில் அது பிடிக்கும் இடம் மிகச் சொற்பம். அதன் பிறகு நீங்கள் ஒரு கோப்பை மாற்றினால், இசட்எஃப்எஸ் பழைய பிளாக்கின் (தரவு சேமிக்கப்படும் துண்டு) மேல் எழுதாமல் புதிய பிளாக்கில் எழுதுகிறது. பழையதை ஏதேனும் ஒரு ஸ்னாப்ஷாட் இன்னும் சுட்டிக்கொண்டிருக்கும் வரை அது விடுபடாது.

முதலில், இசட்எஃப்எஸ் லிஸ்ட் கட்டளையை 'ஓ' தேர்வுடன் சேர்த்து, அதற்கு 'ஸ்பேஸ்' என்று கொடுத்து இயக்குங்கள். மொத்தப் பயன்பாடு நடப்புத் தரவு, ஸ்னாப்ஷாட்டுகள், முன்பதிவு, உள்ளமைந்த டேட்டாசெட்டுகள் என நான்காகப் பிரிந்து தெரியும். வட்டின் காலியிடத்தைக் காட்டும் வழக்கமான டிஎஃப் கட்டளை இந்தப் பிரிவைக் காட்டாது என்பதால், இடக்கணக்குக்கு நான் அதை நம்புவதே இல்லை.

அடுத்ததுதான் பலரும் தடுக்கி விழும் இடம். ஒரு டேட்டாசெட்டில் 40 ஜிபி கோப்பு ஒன்று இருக்கிறது; திங்களன்று ஒரு ஸ்னாப்ஷாட், செவ்வாயன்று இன்னொன்று எடுக்கிறீர்கள்; புதனன்று அந்தக் கோப்பை அழிக்கிறீர்கள். இப்போது ஸ்னாப்ஷாட் பட்டியலைப் பார்த்தால், இரண்டின் 'யூஸ்டு' அளவும் ஏறக்குறைய சுழியமாகவே இருக்கும். ஆனால் ஸ்னாப்ஷாட்டுகளின் மொத்தக் கணக்கில் 40 ஜிபி நிற்கும். ஒரு ஸ்னாப்ஷாட்டின் 'யூஸ்டு', அது மட்டுமே தனியாகப் பிடித்திருக்கும் பிளாக்குகளைச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்து பிடித்திருப்பவை எதன் பெயரிலும் எழுதப்படுவதில்லை. திங்களுடையதை அழித்தால் இடம் எதுவும் திரும்பாது. மாறாக, செவ்வாயுடையதன் அளவு 40 ஜிபியாக உயரும். எனவே இந்த எண்களைக் கூட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டெஸ்ட்ராய் கட்டளையுடன் 'என்', 'வி' ஆகிய இரு தேர்வுகளையும் கொடுத்து, முதல் ஸ்னாப்ஷாட்டின் பெயருக்கும் கடைசி ஸ்னாப்ஷாட்டின் பெயருக்கும் இடையில் விழுக்காட்டுக் குறியை இடுங்கள். எதையும் அழிக்காமலேயே, அந்த வரிசை முழுவதையும் நீக்கினால் எவ்வளவு இடம் மீளும் என்று அது சொல்லிவிடும். 'என்' விடுபட்டால் ஸ்னாப்ஷாட்டுகள் உண்மையாகவே அழிந்துவிடும் என்பதால், என்டர் தட்டுமுன் கட்டளையை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

குளோன் என்பது ஒரு ஸ்னாப்ஷாட்டிலிருந்து பிறக்கும், எழுதக்கூடிய டேட்டாசெட். அதில் புதிதாக எழுதப்படுபவை மட்டுமே அதன் கணக்கில் சேரும். குளோன் இருக்கும் வரை அதன் மூல ஸ்னாப்ஷாட்டை அழிக்க முடியாது. ப்ரமோட் கட்டளை இந்தச் சார்பைத் திருப்பிப்போடும்: மூல ஸ்னாப்ஷாட்டும் அதற்கு முந்தையவையும் குளோனின் பெயருக்கு மாறும், அவற்றின் இடக்கணக்கும் உடன் செல்லும். பழைய டேட்டாசெட்டைக் கைவிடப்போகிறீர்கள் என்றால் மட்டுமே இதைச் செய்வது நல்லது.

வால்யூம் வேறு வகை: கோப்புகளுக்கான டேட்டாசெட்டாக அல்லாமல், ஒரு தனி வட்டு போலப் பயன்படுவது. 100 ஜிபி வால்யூமை வழக்கமான முறையில் உருவாக்கினால், அதை முழுவதும் எழுதுவதற்கான இடம் முன்பதிவாகிறது. அதில் 60 ஜிபி நிறைந்த பின் ஸ்னாப்ஷாட் எடுக்க, முன்பதிவுக்கு வெளியே மேலும் 60 ஜிபி காலியாக இருக்க வேண்டும். இல்லையேல் இடமில்லை என்று கட்டளை நின்றுவிடும். அந்த 60 ஜிபியை ஸ்னாப்ஷாட் பிடித்துக்கொண்ட பிறகும், வால்யூம் முழுவதையும் மீண்டும் எழுத முடியும் என்ற உறுதியை இசட்எஃப்எஸ் காக்கிறது. பூலின் காலியிடத்தைத் தவறாமல் கண்காணிப்பவர்களுக்கு, 'எஸ்' தேர்வுடன் முன்பதிவில்லாமல் உருவாக்கும் ஸ்பார்ஸ் வால்யூமையே பரிந்துரைப்பேன். கண்காணிப்பு இல்லாத இடத்தில் அது ஆபத்தானது. பூல் நிறைந்தால், வால்யூமைப் பயன்படுத்தும் கணினிக்கு எழுதும்போது பிழை வரும்.

பின்சேர்க்கை: எல்லாவற்றையும் அழித்த பிறகும் காலியிடம் உடனே கூடவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். பெரிய டேட்டாசெட்டுகளை அழிக்கும்போது பிளாக்குகள் பின்னணியில் சிறிது சிறிதாகவே விடுபடுகின்றன. பூலின் 'ஃப்ரீயிங்' பண்பைப் பார்த்தால் இன்னும் எவ்வளவு பாக்கி என்று தெரியும். ஸ்னாப்ஷாட்டை அழிக்கும் கட்டளையே மறுக்கப்பட்டால், அதன் மேல் 'ஹோல்டு' (அழிக்கவிடாமல் தடுக்கும் குறி) போடப்பட்டிருக்கிறதா என்று ஹோல்ட்ஸ் கட்டளையால் பாருங்கள்; இருந்தால், ரிலீஸ் செய்த பின்பே அழிக்க முடியும்.