மலையைக் காக்க மனு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர் மலையை குவாரியிடமிருந்து மீட்க நினைக்கும் இளைஞர்கள் எழுதிவரும் மனுக்களில் என் பழைய மனுக்களின் தவறுகளையே காண்கிறேன். தேதி, கையொப்பம் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

மலையின் பெயரை மட்டும் எழுதுவது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இது. மலையைக் காக்க அரசு வெளியிடும் அரசிதழ் அறிவிக்கை காப்பது கிராமம், புல எண் (சர்வே எண்), உட்பிரிவு, பரப்பளவு என்று அதில் எழுதப்பட்டதை மட்டுமே. நமக்கு ஒரே மலை. பதிவேட்டிலோ அது பல எண்களாகக் கிடக்கும். ஒன்று மலைப் புறம்போக்கு, ஒன்று கல்லாங்குத்து (பாறை நிலம்), இன்னொன்று தரிசு. சமணர் படுக்கை உள்ள குகை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால், அந்த எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி; அடுத்த 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. அதற்கு அப்பால் உள்ள சரிவை அந்தச் சட்டம் காக்காது.

ஓர் ஊரில் தலபுராணம், சுனை, மூலிகை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். புல எண் ஒன்றுகூட இல்லை. "இடத்தைத் தெளிவாகக் குறிப்பிடவும்" என்று மனு திரும்பி வந்தது. அதற்குள் மேற்குச் சரிவு ஏலம் போய்விட்டது. சுனை இருந்தது அந்தச் சரிவில்தான்.

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது 193.215 ஹெக்டேர். 2024-இல் ஏலம் விடப்பட்ட டங்ஸ்டன் சுரங்கப் பகுதியோ சுமார் 2,015 ஹெக்டேர். எதிர்ப்பு கிளம்பியதும், பாரம்பரியத் தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மாற்றலாமா என்றுதான் மத்திய அரசு முதலில் ஆராயச் சொன்னது. மக்கள் விடாமல் போராடியதால்தான் 2025 ஜனவரியில் முழு ஏலமும் ரத்தானது. எல்லா ஊருக்கும் அத்தனை கூட்டம் திரளாது.

மனுவைத் தொடங்கும் முன்பே அ-பதிவேட்டையும் (கிராம நிலங்களின் எண், பரப்பு, வகை உள்ள பதிவேடு) புலப்படத்தையும் (புல எல்லைகளைக் காட்டும் வரைபடம்) வாங்குங்கள். மலையில் ஆடு மேய்ப்பவர் ஒருவரோடு ஏறி, சுனை எந்த எண்ணில், குகை எந்த எண்ணில் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பலகையில் உள்ள பட்டத்தை நம்புவது

திருவக்கரை கல்மரங்களும் பரங்கிமலைப் பாறையும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்கள். ஆனால் அந்தப் பட்டம் தானாகவே குவாரியைத் தடுக்காது. இதற்கென்று தனிச்சட்டம் இல்லாததால்தான் 2022-இல் வரைவு மசோதா வெளியிட்டார்கள்.

ஏலம் முடிந்தபின் ஓடிவருவது

குவாரி ஏல அறிவிப்பு வரும் மாவட்ட அரசிதழைத் தவறாமல் படியுங்கள்.

எண் இல்லாத கிராமசபைத் தீர்மானம்

அதிலும் புல எண்கள் வேண்டும். நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள்.