பெனின்ல சங்பெட்டோ, கெலெடே ஆட்டம் பாக்கப் போறீங்களா? இதெல்லாம் பண்ணாதீங்க

யூட்யூப்ல அந்த வீடியோவ நீங்களும் எப்படியும் பாத்திருப்பீங்க. ஆள் உசரத்துக்கும் மேல வைக்கோல் போர் ஒண்ணு நடுத்தெருவுல கிறுகிறுன்னு சுத்துது, கூட வர்றவங்க நாலு பேரு அத அப்படியே சாய்ச்சு கவுத்துக் காட்டுறாங்க, உள்ள ஆளே இல்ல, வெறும் தரை, இல்லன்னா சின்னதா ஒரு மரப்பொம்மை நின்னு ஆடிட்டிருக்கு. அதுதான் சங்பெட்டோ. மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கிற பெனின் நாட்டோட தெக்குப் பக்கம் போர்ட்டோ நோவோ, கிராண்ட் போப்போ ஏரியா, பார்டர் தாண்டி நைஜீரியாவுல படாக்ரி, இங்கெல்லாம் இருக்கிற ஓகு ஜனங்களோடது. போலீஸ் ஸ்டேஷன்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாடி ராத்திரி ஊர்க்காவலே இதுதான், திருடன புடிக்கிறது, சண்டைய தீக்குறது எல்லாம் சங்பெட்டோ பேர்லதான் நடந்துச்சு, சில ஊர்ல இன்னைக்கும் அந்த மரியாதை அப்படியே இருக்கு.

வீடியோ பாத்துட்டு நேர்ல போறவங்க பண்ற முதல் தப்பு, உள்ள யாரு இருக்கான்னு கண்டுபிடிக்கக் கெளம்புறது. குனிஞ்சு பாக்குறது, ராஃபியாங்கிற பனை வகை நாருக்கு அடியில மொபைல நீட்டுறது, கைட் கிட்ட போயி "உண்மைய சொல்லுங்க, எப்படி பண்றாங்க"ன்னு நோண்டுறது. ஊர் நம்பிக்கைப்படி உள்ள மனுஷன் கிடையாது, இரவோட ஆவிதான் இருக்கு, அவ்வளவுதான் பதில். அதுக்குன்னு ஒரு ரகசியக் கூட்டம் இருக்கு, அதுல சேந்தவங்க வெளிய சொல்ல மாட்டாங்க, சேராதவங்க கேக்க மாட்டாங்க. நம்ம ஊர்ல அருள் வந்து ஆடிட்டிருக்கிறவர் கிட்ட போயி "அண்ணே உங்க பேரு என்ன, எந்த ஆபீஸ்ல வேலை பாக்குறீங்க"ன்னு யாராவது கேப்போமா, அதே மாதிரிதான். ட்ரிக் தெரியாமலே பாத்தாத்தான் இது நல்லாவும் இருக்கும், அது வேற விஷயம்.

அடுத்தது எங்க நிக்கிறதுங்கறது. சங்பெட்டோ கூடவே கைல குச்சி வச்சிட்டு ஆளுங்க ஓடி வருவாங்க, அவங்கதான் அதுக்கு வழி காட்டுறது, தரையத் தட்டி திருப்பி விடுறது, கூட்டத்த பின்னாடி தள்ளுறது எல்லாம். நிக்கும்போது ஒல்லியா தெரியற அந்த நாரு சுத்த ஆரம்பிச்சா குடை விரிச்ச மாதிரி ரெண்டு மடங்கு அகலமாயிடும், வேகமும் சாதாரணமா இருக்காது, ஓரத்துல செல்ஃபி ஸ்டிக்க நீட்டிட்டு நிக்கிறவங்க மூஞ்சில சளார்னு விழும். குச்சிக்காரர் ஒரு அடி பின்னாடி போன்னா ரெண்டு அடி போயிடுங்க, அவர் கிட்ட ஆர்க்யூ பண்ணாதீங்க. எவ்வளவு பக்கத்துல வந்தாலும் தொடக்கூடாது, இதுல எக்ஸப்ஷனே கிடையாது.

எகுன்குன்னு இன்னொரு முகமூடி ஆட்டம் இருக்கு, அதுல தொடக்கூடாதுங்கறது இன்னும் ஸ்ட்ராங். இது இறந்து போன முன்னோர்கள் திரும்பி வர்றதா நம்பிக்கை, பிரெஞ்சுல ரெவெனான்னு சொல்வாங்க, உச்சி முதல் பாதம் வரைக்கும் அடுக்கடுக்கா துணி, ஜரிகை, சோழி, சின்னச் சின்ன கண்ணாடி, ஒரு இன்ச் தோல் வெளிய தெரியாது. அந்தத் துணி மேல பட்டா கெடுதல்னு ஊர்ல நெஜமாவே பயப்படுறாங்க, அதான் அது திடீர்னு கூட்டத்துக்குள்ள பாஞ்சா பெருசுங்க சின்னதுங்க எல்லாரும் சிரிச்சுட்டே அலறிட்டு ஓடுவாங்க. நம்மாளு மட்டும் ஹீரோ மாதிரி வீடியோ எடுத்துட்டு அங்கயே நிப்பாரு. அப்படி நிக்காதீங்க, நீங்களும் ஓடுங்க, ஓடுறதும் ஆட்டத்துல ஒரு பார்ட்தான். ஷூ போட்டுட்டுப் போனா நல்லது, செருப்பு கழண்டு அங்கயே கெடந்தா அப்புறம் தேடி எடுக்கிறது கஷ்டம்.

இன்னொண்ணு, எகுன்குன் பல நேரம் வர்றது ஒரு சாவு வீட்டுச் சடங்குக்கு. தெருவுல மேளம் கேக்குதேன்னு டிரைபாட தூக்கிட்டு நேரா உள்ள போனா நீங்க போயி நிக்கிறது ஒரு குடும்பத்தோட துக்கத்துக்கு நடுவுல. வாசல்ல இருக்கிற பெரியவருக்கு முதல்ல ஒரு போன்ஜூர், சாயங்காலம்னா போன்ஸ்வார், வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்கன்னு ஒரு விசாரிப்பு, அதுக்கப்புறம் பாக்கலாமா, போட்டோ எடுக்கலாமான்னு கேளுங்க. வணக்கம் சொல்லாம நேரா விஷயத்துக்குப் போறத அங்க ரொம்ப கெட்ட பழக்கமா எடுத்துப்பாங்க. போட்டோவுக்கு காசு கேட்டா அது எவ்வளவுன்னு எடுக்கிறதுக்கு முன்னாடியே பேசிடணும், எடுத்து முடிச்சு பேசுனா சண்டைதான். ட்ரோன் பத்தி யோசிக்கவே யோசிக்காதீங்க.

இப்போ கெலெடே. எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். பெனின் கெழக்குல கெட்டூ, பொபே, சாவேங்கிற ஊர்கள் பக்கம் இருக்கிற யொருபா-நாகோ ஜனங்களோட ஆட்டம், 2001ல யுனெஸ்கோ இத அரிய பாரம்பரியக் கலைன்னு அறிவிச்சு 2008ல லிஸ்ட்ல சேத்தாங்க. "எங்க தாய்மார்கள்"னு அவங்க சொல்ற வயசான பொம்பளைங்களோட சக்திய சாந்தப்படுத்தத்தான் மொத்த ஆட்டமும், ஆனா முகமூடி போட்டு ஆடுறது பூரா ஆம்பளைங்க, மரத்துல செதுக்குன மார்பு, துணி சுத்தி பெருசாக்குன இடுப்புன்னு வருவாங்க. அதப் பாத்து கிண்டலா இளிக்கிறது ஒரு தப்பு. சிரிக்கவே கூடாதுன்னு இல்ல, அதுல காமெடி நெறைய இருக்கு, ஊர் சிரிக்கும்போது சேந்து சிரிங்க, தனியா சிரிக்காதீங்க.

இதுல பொம்மலாட்டம் எங்கன்னு கேட்டா முகமூடிக்கு மேல பாருங்க. மரத் தலைய முகத்துல மாட்ட மாட்டாங்க, உச்சந்தலையில சாய்ச்சு வைப்பாங்க, முகத்த துணி மூடிடும். அந்தத் தலைக்கு மேல ஒரு சின்ன உலகமே செதுக்கி வச்சிருப்பாங்க, பாம்பும் பறவையும் கட்டிப் புரளும், ஒருத்தர் தையல் மிஷின்ல உக்காந்திருப்பாரு, இன்னொருத்தர் மோட்டார் பைக்ல போவாரு, சிலதுல ஆடுறவரு கயித்த இழுத்தா பொம்மை கை அசையும், வாய் தொறந்து மூடும். டூரிஸ்ட் எல்லாரும் ஜூம் போட்டு இதையே எடுத்துட்டு இருப்பாங்க, கீழ நடக்கிறத கோட்டை விட்டுடுவாங்க. கால்ல இரும்பு சலங்கை கனமா கட்டியிருக்கும், மத்தளக்காரர் ஒரு வரிய வாசிச்சா ஆடுறவரோட காலு அதே வரிய அடி பெசகாம திருப்பிச் சொல்லணும், கடைசி அடில மத்தளமும் காலும் ஒரே நொடியில நின்னா கூட்டம் ஓஹோன்னு கத்தும், நிக்கலைன்னா சத்தமே வராது. பல நேரம் ஒரே மாதிரி முகமூடி ஜோடியா வரும், ரெண்டு பேரு காலும் ஒத்துப் போகுதான்னு பாத்துட்டே இருக்கலாம். அங்க இருக்கிற பாட்டிங்க உன்னிப்பா பாக்குறது அதத்தான். கேமராவ ஒரு பத்து நிமிஷம் பாக்கெட்ல போட்டுட்டு அவங்க கண்ணு போற எடத்துல உங்க கண்ணயும் வச்சுப் பாருங்க.

கெலெடேல பகல் ஆட்டம் மட்டும் பாத்துட்டு வந்துடறதும் பெரிய தப்பு. முந்தின நாள் ராத்திரி எஃபேன்னு ஒண்ணு நடக்கும், எஃபே முகமூடி வந்து முதல்ல தாய்மார்களுக்கு பிரார்த்தனை பாடும், அப்புறம் ஊர்ல யாரு கடன் வாங்கி ஏமாத்துனா, யாரு பதவியில இருந்துட்டு ஆட்டம் போட்டா எல்லாத்தையும் பாட்டுலயே கிழிக்கும், முகமூடிக்குள்ள இருக்கிற வரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. பாஷை புரியாதுன்னு நம்மாளுங்க ரூம்ல தூங்கிடுவாங்க. பிரெஞ்சு தெரிஞ்ச ஒரு ஊர்க்காரப் பையன பக்கத்துல உக்கார வச்சு காதுல சொல்லச் சொல்லுங்க, பாதிதான் புரியும், அந்த பாதியே போதும். கொசுவுக்கு க்ரீம், ஃபுல் கை சட்டை மறக்காதீங்க, மலேரியா மாத்திரை டாக்டர் கிட்ட கேட்டு முன்னாடியே ஆரம்பிச்சிடணும்.

பொண்ணுங்க தனியா ட்ரிப் போறீங்கன்னா ஒரு விஷயம் கண்டிப்பா விசாரிக்கணும், அது ஓரோங்கிற, ஆம்பளைங்க மட்டும் நடத்துற ஒரு சடங்கு. யொருபா ஊர்கள்ல ஓரோ வெளிய வர்ற நேரம் பொண்ணுங்க யாரும் வெளிய வரவே கூடாது, வீட்டுக்குள்ள கதவ சாத்திட்டு இருக்கணும், ஊர்க்காரப் பொண்ணா வெளியூர்ப் பொண்ணாங்கற பேச்செல்லாம் கிடையாது. இது நியாயமான்னு எனக்கும் கேள்வி இருக்கு, நைஜீரியாவுல இத எதுத்து கேக்குறவங்களும் இருக்காங்க, ஆனா அந்த ராத்திரி தெருவுல நின்னு அத டெஸ்ட் பண்ணிப் பாக்குற எடம் அது இல்ல. ஊருக்குள்ள போற அன்னைக்கே லாட்ஜ்ல கேட்டுடுங்க.

ஒரிஜினல் வேணும், டூரிஸ்ட் ஷோ வேணாம்னு அலையறவங்கள பத்தி கொஞ்சம் சொல்லணும். கைட் மூலமா காசு கொடுத்து ஒரு கிராமத்துல சங்பெட்டோ ஏற்பாடு பண்றது அங்க சாதாரணமா நடக்குது, உடனே "இது போலி"ன்னு மூஞ்ச தூக்கி வச்சுக்குவாங்க. ஆடுறது அதே ஆளுங்க, மத்தளமும் அதேதான், அந்தக் காசுல நாரு மாத்துவாங்க, மத்தளத் தோலு மாத்துவாங்க, அதுல என்ன போலி? உண்மையில ஆபத்தா இருக்கிறது இதுக்கு நேர் எதிரான தப்பு, சடங்குக்குள்ள போயி நின்னுட்டு இதுவும் நமக்காக நடக்கிற ஷோன்னு நெனைக்கிறது. டிக்கெட் வாங்குன ஆளு மாதிரி "நாலு மணின்னு சொன்னீங்க, மணி ஆறாச்சு"ன்னு வாட்ச காட்டாதீங்க. மத்தளம் சூடாகணும், பெரியவங்க வந்து உக்காரணும், தரையில தண்ணியோ சாராயமோ ஊத்தணும், அப்புறம்தான் எதுவும். அன்னைக்கு சாயங்காலம் வேற ப்ரோக்ராம் வச்சுக்காதீங்க.

சோடாபின்னு பனைக் கள்ளுல இருந்து வடிச்ச சரக்கு ஒரு சின்ன கிளாஸ்ல நீட்டுவாங்க, செம காட்டம், குடிக்காதவங்க வாங்கி உதட்டுல வச்சுட்டு மரியாதையா திருப்பிக் கொடுத்தா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. கோழி, ஆடு பலி கொடுக்கிறதும் நடக்கும், பாக்க முடியலைன்னா சத்தமில்லாம நகந்துடுங்க, "அய்யோ பாவம்"னு முகத்த சுளிக்கிறது வேணாம். அப்புறம் "இங்க பில்லி சூனியம் வைப்பாங்களாமே, ஊசி குத்துன பொம்மை எங்க கிடைக்கும்"னு தயவு செஞ்சு யார் கிட்டயும் கேக்காதீங்க, அது சினிமாக்காரன் கெளப்பி விட்டது, வோடூன் அங்க லட்சக்கணக்கான பேரோட மதம், ஜனவரியில அதுக்காகவே நாடு பூரா லீவு, முன்னாடி அது 10ஆம் தேதி, இப்போ தேதி வருஷா வருஷம் கொஞ்சம் மாறும்.

அந்த லீவு சமயத்துல, பெனினோட பெரிய நகரமான கோட்டனூவுல இருந்து சுமாரா 40 கிலோமீட்டர்ல இருக்கிற ஊய்டாவுல பெரிய திருவிழா, கடற்கரையில மேடை, பந்தல், கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். ரூம் மாசக்கணக்குல முன்னாடியே புக் பண்ணலைன்னா கிடைக்கிறது கஷ்டம். எல்லாரும் மேடையப் பாத்துட்டே நிப்பாங்க, ஆனா ஊருக்குள்ள சந்துகள்ல, சின்னச் சின்ன மைதானங்கள்ல அதே நாள்ல நடக்கிறத கிட்ட இருந்து நிம்மதியா பாக்கலாம். ஹார்மட்டான் காத்து அடிக்கிற சீசன் வேற, சஹாராவுல இருந்து தூசு வரும், செம்மண்ணும் சேந்துக்கும், வெள்ளைச் சட்டை, வெளிய லென்ஸ் மாத்துறது ரெண்டும் வேணாம்.

சில்லற இல்லாமப் போறது இன்னொரு தலைவலி. ஏடிஎம்ல 10,000 ஃபிராங்க் நோட்டா வரும், ஒரு யூரோ சுமாரா 656 சிஎஃப்ஏ ஃபிராங்க், அப்போ கணக்குப் போட்டுக்கோங்க, அத நீட்டுனா பைக் டாக்ஸிக்காரரும் முழிப்பாரு, ஆட்டக்காரங்களுக்கும் உங்களால ஒண்ணும் கொடுக்க முடியாது. சூப்பர் மார்க்கெட்ல மாத்தி 500, 1000னு கைல வச்சுக்கோங்க. ஆட்டம் நடக்கும்போது ஊர்க்காரங்க எப்படி கொடுக்கிறாங்கன்னு பாத்து அதே மாதிரி கொடுங்க, எகுன்குன் நேரா வந்து நின்னு கேட்டா கூட வர்ற ஆளு கைல கொடுத்துடுங்க. இடது கையால மட்டும் கொடுக்காதீங்க.

முகமூடி வாங்குறவங்க "பழசு சார், நூறு வருஷம்"னு சொன்னா நம்பி வாங்காதீங்க. பொய்யா இருந்தா காசு போச்சு, நெஜமா இருந்தா இன்னும் மோசம், ஒரு ஊரோட சாமிப் பொருள நீங்க தூக்கிட்டு வர்றீங்கன்னு அர்த்தம். இந்த மாதிரி போனதத்தான், பெனின்ல இருக்கிற அபோமே அரண்மனையில இருந்து பிரெஞ்சுக்காரங்க கொள்ளையடிச்ச 26 பொருள, 2021 நவம்பர்ல பிரான்ஸ் திருப்பிக் கொடுத்துச்சு. செதுக்குறவரு கிட்டயே போயி புதுசா வாங்குங்க, தோலு, இறகு, பல்லு ஒட்டியிருந்தா கஸ்டம்ஸ்ல மாட்டும்.

பொம்மைதான் மெயினா வேணும்னா மாலி நாட்டுல மார்க்கலா ஊர்ல போசோ மீனவங்களும் பமானா ஜனங்களும் ஆடுறதுக்கு ஈடே இல்ல, பெரிய மிருகம் ஒண்ணு துணி ஒடம்போட நடந்து வரும், அது முதுகுல குட்டிப் பொம்மைங்க தனியா ஆடிட்டு வரும், பொம்பளைங்க பாட்டு பின்னாடி, 2014ல அதுவும் யுனெஸ்கோ லிஸ்ட்ல ஏறுச்சு. ஆனா பழைய பயணக் கட்டுரையப் படிச்சுட்டு இப்போ டிக்கெட் போடாதீங்க, அங்க செக்யூரிட்டி நிலைமை ரொம்ப மோசம். பெனின்லயே வடக்கு பார்டர் பக்கம் போறது வேணாம், நான் மேல சொன்ன ஆட்டம் எல்லாம் தெக்குப் பக்கமும் நடுவுலயும்தான்.

கடைசியா மஞ்சள் காய்ச்சல் ஊசி. இ-விசா ஆன்லைன்லயே கிடைச்சிடுதேன்னு இத மறந்துடறாங்க. ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் சர்டிஃபிகேட் செல்லும், சென்னைக்காரங்களுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க, ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போதும். பெனின்ல எறங்கும்போது மட்டும் இல்ல, திரும்பி வரும்போது இந்தியாவுலயும் அந்த மஞ்சள் கார்ட கேப்பாங்க, இல்லன்னா 6 நாள் வரைக்கும் குவாரன்டைன்ல உக்கார வச்சிடுவாங்க. பாஸ்போர்ட்டோட சேத்து ஸ்டேப்ளர் அடிக்காம ஒரு கவர்ல போட்டு வச்சுக்கோங்க.