ஒரே நூல், இரண்டு நிறம்: எங்கள் எம்பிராய்டரி குழுவில் தீர்ந்த சிக்கல்

எங்கள் தன்னார்வ எம்பிராய்டரி குழுவை நான்தான் நடத்துகிறேன். உறுப்பினர்கள் வீட்டில் கிராஸ் ஸ்டிட்ச் (இரண்டு இழைகள் X போல ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடும் தையல்) போட்டுத் தந்த சதுரங்களை இணைத்து ஒரு சுவர்த்திரை செய்யத் திட்டம். அடுக்கிப் பார்த்தால் சில சதுரங்கள் மட்டும் மங்கல். இத்தனைக்கும் நூலின் நிற எண் ஒன்றுதான்.

முதலில் சாய லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல் தொகுதி) மீது சந்தேகம். நூல் உறைகளைத் தேடி ஒப்பிட்டோம். எல்லாம் ஒரே லாட். அப்புறம் அலசி, இஸ்திரி போட்டோம். பயனில்லை. பல நாள் இதிலேயே போனது.

கடைசியில் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் துணியோடு ஒட்டிச் சாய்த்து அடித்தேன். தெரிந்துவிட்டது! மற்ற சதுரங்களில் மேல் இழை இடமிருந்து வலமாக ஏறுகிறது, மங்கலானவற்றில் இறங்குகிறது. இடக்கையால் தைப்பவர்கள் பலருக்கு அதுதான் இயல்பான சாய்வு. பருத்தி நூலின் பளபளப்பு இழை கிடக்கும் திசையைப் பொறுத்து மாறும்.

ஆசையாகத் தைத்துக் கொடுத்ததை யாரிடம் பிரிக்கச் சொல்வது? நல்லவேளை, தேவைப்படவில்லை. எங்கள் நட்சத்திர வடிவம் நான்கு பக்கமும் ஒரே மாதிரி. அந்தச் சதுரங்களைக் கால் சுற்றுத் திருப்பி வைத்ததும் சாய்வு சேர்ந்துகொண்டது. அரைச் சுற்றுத் திருப்பினால் மாறாது, கவனம். இப்போதெல்லாம் துணியைக் கொடுக்கும்போதே மூலையில் மாதிரிக்கு ஒரு தையல் போட்டுத்தான் கொடுக்கிறேன்.