கொட்டாங்குச்சிக் கரியால் இரும்பும் எரிவாயுவும்

இரும்புத் தாதுவைக் கரியோடு சுட்டு இரும்பாக்க, முதலில் கரியைத் தேர்ந்தெடுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். நன்றாகச் சுட்ட கொட்டாங்குச்சிக் கரியில் 75-80 சதவீதம் நிலைக்கார்பன் (சுட்டாலும் ஆவியாகாமல் மிஞ்சும் கார்பன்) இருக்கும், சாம்பல் மிகக் குறைவு. உமிக்கரி மலிவுதான், ஆனால் வேண்டாம். அதன் சாம்பல் முழுக்க சிலிக்கா. அது இரும்பு ஆக்சைடோடு சேர்ந்து கறுப்புக் கசடாக உருகும்; அதில் சிக்கிய இரும்பை மீட்பது பெரும்பாடு.

63 சதவீத இரும்புள்ள ஹெமடைட் (இரும்பு ஆக்சைடு) தாது 1 கிலோவுக்குக் கரி 260 கிராம். குறைத்தால் தாது அரைகுறையாக நிற்கும். ரொம்பக் கூட்டினால் உருண்டை உதிரும். இரண்டையும் டால்கம் பவுடர்போல அரைத்து, 20 கிராம் மைதாவில் காய்ச்சிய பசை ஊற்றிப் பிசைந்து, சுண்டைக்காய் அளவில் உருட்டுங்கள். ஒரு நாள் நிழலில், பிறகு 110 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் உலர்த்துங்கள். ஈரம் மிஞ்சினால் சூளைக்குள் வெடித்துத் தூளாகிவிடும்.

கிராஃபைட் மூசையில் (உலோகம் உருக்கும் கிண்ணம்) உருண்டைகளைப் போட்டு, மேலே இரண்டு விரற்கடை கரித்தூள் பரப்புங்கள். மூடியில் 8 மில்லிமீட்டர் துளை போதும். விளிம்பைக் களிமண்ணால் பூசுங்கள். வெளியேறும் கார்பன் மோனாக்சைடை எரித்துவிட, துளையருகே சிறு சுடர் எப்போதும் எரியட்டும். அந்த வாயுவுக்கு மணமே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். ஆகவே திறந்தவெளியில் மட்டுமே செய்யுங்கள், வாயு எச்சரிக்கைக் கருவியும் அருகில் இருக்கட்டும்.

சூடேறும்போது முதலில் மஞ்சளாகப் புகைந்து எரிவது கரியில் தங்கிய ஆவிப்பொருள். 900 டிகிரியைத் தாண்டியதும் சுடர் நீலமாகி நீளும். கார்பன் மோனாக்சைடு தாதுவின் ஆக்சிஜனைப் பறித்துக் கார்பன் டை ஆக்சைடாகும். அது கரியைத் தொட்டு மறுபடி மோனாக்சைடாகும். இந்தச் சுற்றுக்கு வெப்பம் கட்டாயம். 1,050-1,100 டிகிரியில் சுமார் முக்கால் மணி நேரம் வைத்திருங்கள். நீலச் சுடர் சுருங்கினால் வேலை முடிந்தது.

உடனே துளையை அடைத்து, மூடியபடியே ஆறவிடுங்கள். அவசரப்பட்டுச் சூட்டோடு திறந்தால், நுண்துளை நிறைந்த அந்த இரும்பு காற்றுப்பட்டு மறுபடி ஆக்சைடாகிவிடும். தண்ணீர் ஊற்றவே கூடாது, ஹைட்ரஜன் கிளம்பும்.

காந்தம் ஒட்டுகிறதென்று மட்டும் நம்பாதீர்கள். ஆக்சிஜன் முழுதும் நீங்காத மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடும் ஒட்டும். எடை பாருங்கள்: 1,260 கிராம் கலவை 740 கிராம் அளவுக்கு இறங்க வேண்டும். 900 கிராமில் நின்றால் உள்ளே ஆக்சைடு மிஞ்சியிருக்கிறது. உருண்டையை உடைத்து அரத்தால் தேய்த்தால் வெள்ளிபோல் மின்ன வேண்டும். மயில்துத்தக் (காப்பர் சல்ஃபேட்) கரைசலில் தோய்த்தால் செம்பு படியும்.

வாயுவைப் பற்றிப் பெரிய கணக்குப் போட வேண்டாம். கார்பன் முழுதும் மோனாக்சைடாகப் போனாலும், கிலோ தாதுவுக்கு ஏறக்குறைய 380 லிட்டர்தான். அதன் வெப்பம் 100 கிராம் சமையல் எரிவாயுவுக்குச் சமம். சூளை தின்பது அதைவிட மிக அதிகம். பெரிய அளவில் செய்பவர்கள் அந்த வாயுவைச் சேமிக்க முயலாமல், சூளையின் பர்னருக்கே திருப்பிவிடுவது நல்லது. சேமிக்கப்போனால் காற்று கலக்கும், காற்றில் இந்த வாயு 12.5 முதல் 74 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும் கலவை அது.