படம் கண்ணாடியில் ஒட்டாமல் பிரேம் போடுவது எப்படி

பழைய கல்யாணப் படமொன்றைப் பிரேமிலிருந்து எடுக்கப்போனால், கொழும்பில் பல வீடுகளில் அது கண்ணாடியையும் சேர்த்துக்கொண்டே வரும். புகைப்படத் தாளின் மேல் ஜெலற்றின் படலமொன்று உண்டு. ஈரம் ஏறினால் அது ஊதிப் பிசுபிசுக்கும். தொட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடியில் பிடித்து, காய்ந்ததும் இறுகிவிடும். இங்கே காற்றின் ஈரப்பதன் ஆண்டின் பெரும்பகுதி 70 வீதத்துக்கு மேலேயே நிற்கிறது. பூஞ்சணம் பிடிக்க 65 வீதத்தைத் தாண்டினாலே போதும்.

ஏற்கெனவே ஒட்டிப்போன படத்தை இழுக்காதீர்கள். படம் பதிந்த மேற்படலம் உரிந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள். பிரின்டரோடு வரும் மெல்லிய ஸ்கேனர்கள் பல, தகட்டைத் தொடும் தாளை மட்டுமே தெளிவாகக் காணும். இடையில் 2 மிமீ கண்ணாடி இருந்தால் படம் மங்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் கெமராவால் எடுப்பது மேல்.

புதிதாகப் பிரேம் போடும்போது இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்தால் மீதி எல்லாம் அவற்றிலிருந்து வரும். படம் கண்ணாடியைத் தொடக்கூடாது. செய்த எதையும் பின்னால் ஒருவர் சேதமின்றிக் கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும். லமினேட் செய்வது இரண்டாவதற்கு நேர் எதிர். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளோடு கலந்துவிடும், பிரிக்கவே முடியாது. சான்றிதழுக்கும் வேண்டாம், ஓவியத்துக்கும் வேண்டாம்.

மவுண்டும் அளவும்

மவுண்ட் என்பது படத்தைச் சுற்றி வரும், நடுவில் ஜன்னல் வெட்டிய தடித்த அட்டை. அழகு அதன் இரண்டாவது வேலை. முதல் வேலை இடைவெளி கொடுப்பது. சாதாரண மவுண்ட் போட் ஏறத்தாழ 1.4 மிமீ தடிப்பு. நீர்வண்ணத்துக்கும் புகைப்படத்துக்கும் இது போதும். தூள் உதிரும் பஸ்டல், கரிக்கோல் படங்களுக்கு இரட்டை மவுண்ட் போடுங்கள், அல்லது கண்ணாடி ஓரத்தில் 5 மிமீ ஸ்பேசர் பட்டி வையுங்கள்.

அட்டையின் தரத்தை வெட்டுமுகத்தில் பார்க்கலாம். மலிவான மரக்கூழ் அட்டையில் அமிலம் உண்டு. சில வருடங்களில் சரிவாக வெட்டிய விளிம்பு பழுப்பாகும். அந்தப் பழுப்பு படத்திலும் கோடாக இறங்கும். அந்தக் கோட்டை வீட்டில் அழிக்க வழியில்லை. 'அசிட் ஃப்ரீ' என்று எழுதியிருந்தால் அது குறைந்தபட்சம். பருத்தி நாரால் செய்த மியூசியம் போட் உச்சம். சந்தேகமென்றால் பிஎச் பேனாவால் வெட்டுத்துண்டொன்றில் கோடு போடுங்கள்: ஊதா வந்தால் நல்லது, மஞ்சள் வந்தால் அமிலம். படத்தில் ஒருபோதும் போடாதீர்கள். சுண்ணச் சேர்க்கை உள்ள அட்டை காகிதப் படைப்புகளுக்கு நல்லது. ஆனால் பழைய நீலப்படி வரைபடங்களுக்கு அது ஆகாது, நீலம் வெளுக்கும்.

கொழும்பின் திறந்தவெளி ஓவியச் சந்தையான கலா பொலாவில், கிரீன் பாத் ஓரத்தில், 297 × 420 மிமீ அளவில் ஒரு நீர்வண்ணம் வாங்கினீர்கள் என்று வைப்போம். மவுண்ட் ஒவ்வொரு பக்கமும் 3 மிமீ படத்தின்மேல் ஏறவேண்டும். ஜன்னல் 291 × 414. ஓவியரின் கையெழுத்து ஓரத்தில் இருந்தால், அது மறையாதபடி ஜன்னலை நகர்த்துங்கள். மேலேயும் இரு பக்கங்களிலும் 60 மிமீ, கீழே 70 மிமீ விட்டால் மவுண்டின் வெளி அளவு 411 × 544. கீழே கூட்டி விடாவிட்டால் படம் சரிந்து கிடப்பதுபோலத் தோன்றும். கண்ணாடியும் பின்தட்டும் இதே அளவுதான். பிரேமின் உட்பள்ளம், அதாவது கண்ணாடி உட்காரும் ரிபேட், 3 மிமீ கூட்டி 414 × 547 இருக்கட்டும். மழைக்காலத்தில் மரமும் அட்டையும் ஊதும். இடம் இல்லாவிட்டால் கண்ணாடி விரிசல் விடும் அல்லது மூலை பிரியும்.

மரச்சட்டத்தின் நீளத்துக்கு: உட்பள்ளத்தின் சுற்றளவோடு சட்ட அகலத்தின் எட்டு மடங்கைக் கூட்டுங்கள். 30 மிமீ அகலச் சட்டமென்றால் 1922 உம் 240 உம் சேர்ந்து 2162 மிமீ. வாள்வெட்டுக்கும் 45 பாகை மூலை பிசகுவதற்கும் சேர்த்து 2.4 மீற்றர் வாங்குங்கள். அகலத்தை எல்லோரும் பார்ப்பார்கள், பள்ளத்தின் ஆழத்தை மறந்துவிடுவார்கள். கண்ணாடி 2, மவுண்ட் 1.4, படம் ஒட்டும் அட்டை 1.4, பின்தட்டு 4 மிமீ: கிட்டத்தட்ட 9. ஆணி இருக்கவும் இடம் வேண்டுமென்றால் 12 மிமீ ஆழம் தேவை.

படத்தைப் பிடிப்பது

பெரும்பாலான நாசம் இங்கேதான். செலோடேப் சில வருடங்களில் மஞ்சளாகி, அதன் பசை தாளுக்குள் இறங்கும். பைண்டர் கம் காய்ந்தால் திரும்பக் கரையாது. இரட்டைப் பக்க டேப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

புகைப்படத்துக்கு மூலைப் பைகள்தான் இலகு. பொலியெஸ்டர் மூலைகள் அட்டையில் ஒட்டும், படத்தில் பசை படாது. நீர்வண்ணத்துக்கு ஜப்பானியத் தாளால் பிணைச்சல் போடலாம். 20 மிமீ அகலம், 40 மிமீ நீளமாக இரண்டு துண்டுகளைக் கத்தரிக்காமல், ஈரத்தூரிகையால் கோடிட்டுக் கிழியுங்கள். நார்கள் வெளியே நீளும், விளிம்பு படத்தின் முன்பக்கம் தடம் காட்டாது. ஒவ்வொன்றிலும் 6 முதல் 8 மிமீ மட்டும் படத்தின் பின்புற மேல் ஓரத்தில் ஒட்டுங்கள். மீதி மேலே நீட்டி நிற்கும். அதன் குறுக்கே இன்னொரு துண்டைப் பின் அட்டையோடு ஒட்டிவிடுங்கள். பக்கங்களையும் கீழ் ஓரத்தையும் சும்மா விடவேண்டும். நான்கு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் விரியும் தாள் போக இடமின்றி அலையலையாகும்.

பசைக்கு ஒரு பங்கு கோதுமை மாப்பொருளுக்கு ஐந்து பங்கு தண்ணீர். குறைந்த தீயில் கிளறிக்கொண்டே 20 முதல் 30 நிமிடம் காய்ச்சி, ஆறியதும் சல்லடையில் இருமுறை தேய்த்து எடுங்கள். கோதுமை மா வேறு, கோதுமை மாப்பொருள் வேறு. ரொட்டி மாவில் பசையம் இருக்கிறது; ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து வைத்ததாகிவிடும். ஒட்டியபின் ஒற்றுத்தாள் வைத்து, மேலே பாரம் ஏற்றி ஒரு மணித்தியாலம் விடுங்கள். பிணைச்சல் தாள் படத்தின் தாளைவிட மெல்லியதாக இருக்கவேண்டும். பிரேம் விழுந்தால் பிணைச்சல்தான் கிழியவேண்டும், படமல்ல.

கண்ணாடியும் பின்தட்டும்

2 மிமீ கண்ணாடி சதுர மீற்றருக்கு 5 கிலோ. மேலே சொன்ன படத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட. அக்ரிலிக் அதில் பாதிதான், எளிதில் உடையாது. ஆனால் தேய்த்தால் மின்னேற்றம் பெற்றுப் பஸ்டல் தூளை இழுத்துக்கொள்ளும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவமும் அதற்கு ஆகாது. புற ஊதாக்கதிர் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் நீர்வண்ணத்துக்கு அதைப் போடுங்கள். ஆனால் வெளுப்பை முழுமையாக அது நிறுத்தாது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தைத் தின்னும்.

வழக்கமாக அடிக்கும் ஹாட்போட் அமிலம் கக்கும். பெயர்ப்பலகை செய்பவர்களிடம் கிடைக்கும் நெளிவுள்ள பொலிபுரோப்பிலீன் தகடு நல்ல மாற்று. அதே இடத்தில் பிவிசி ஃபோம் தகடும் தருவார்கள். அது வேண்டாம், காலப்போக்கில் அமில வாயு விடும். வெட்டுமுகத்தில் குழாய்க் கண்கள் வரிசையாகத் தெரிந்தால் முதலாவது.

கண்ணாடி, மவுண்ட், பின்தட்டு மூன்றையும் அடுக்கி, ஓரம் சுற்றி டேப் ஒட்டி அடைத்தால் பூச்சியும் ஈரமும் எளிதில் புகாது. ஆனால் மழைநாளில் அடைத்தால் ஈரத்தையே பூட்டிவைத்தது போலாகும். எல்லாவற்றையும் ஒருநாள் ஏசி அறையில் வைத்து, ஈரமானி 55 வீதத்துக்குக் கீழ் காட்டியபின் அடையுங்கள்.

கன்வஸ் ஓவியத்துக்குக் கண்ணாடி பெரும்பாலும் தேவையில்லை. பின்னால் தட்டு மட்டும் அடியுங்கள். கன்வஸ் சட்டத்தின் ஊடாக ஆணி அறையாமல் வளைந்த கிளிப்பால் பிடியுங்கள்.

தொங்கவிடும்போது

மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இரண்டு டி வளையம், சுவரில் இரண்டு ரோல் பிளக். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி கடலோர வீடுகளில் இரும்பு ஆணியை உப்புக்காற்று தின்றுவிடும்; துருவேறா எஃகோ பித்தளையோ வாங்குங்கள். கீழ் மூலைகளில் 5 மிமீ ரப்பர் பொத்தான் ஒட்டினால் பிரேமுக்குப் பின்னால் காற்று ஓடும். மழை அடிக்கும் வெளிச்சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், புதிதாகப் பூசிய சுவர் மூன்றும் விலக்கு. சாமி அறையில் எண்ணெய்ப் புகையும் பூமாலை ஈரமும் இருக்கும், அங்கே பிரதியை வைத்து அசலை வேறிடத்தில் வையுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவத்திலும், ஒக்டோபர், நவம்பர் மழையிலும் மாதத்துக்கு ஒருமுறை பிரேமின் பின்புறத்தைப் பாருங்கள். சாம்பல் பொடி தெரிந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வித்துகள் தாளுக்குள் இறங்கும். மற்றப் படங்களிலிருந்து பிரித்து, பிரேமைத் திறந்து, ஏசி அறையில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். பொடி உலர்ந்தபின் முகக்கவசம் போட்டு வெளியே கொண்டுபோய், மென்தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். பழைய மவுண்டை எறிந்துவிட்டுப் புதிது வெட்டுங்கள்.